மற்றவை

ஆயர் கொடுத்த தாளில் ஐந்து கட்டம்:
பாட்டு, வாத்தியம், போதனை, ஜெபம், மற்றவை.
உங்கள் தாலந்தைக் குறிக்கவும்.

பாடகர் குழுவில் மூன்று வாரம் இருந்து
வாயை மட்டும் அசைத்தால் போதும் என்று
சொல்லப்பட்டவள் நான்.
மற்றவையில் டிக் அடித்துவிட்டு
பக்கத்துக் கோட்டில் என்ன எழுதுவதென்று
பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

திருப்பூர் ரயிலடி சைக்கிள் ஸ்டாண்டில்
பதினேழு வருஷம் டோக்கன் கிழித்த கை.
எனக்குத் தெரிந்ததெல்லாம்
பூட்டிய வண்டியின் பின்சக்கரத்தை
இடுப்புக் கொடுத்துத் தூக்கி ஒரு சாண் நகர்த்த.
ஹேண்டிலோடு ஹேண்டில் கோக்காமல்
நாற்பது வண்டி இடத்தில் எழுபது நிறுத்த.
முகத்தைப் பார்த்ததும் சொல்லிவிடுவேன்,
இவர் பொழுதோட திரும்புவார்,
இவர் வர மூணு நாளாகும்.
இதையா எழுதுவது
கர்த்தருடைய வீட்டுக் கணக்கில்?

எங்கள் கோயில் சந்து
ஒரு பனியன் கம்பெனிக்கும் இன்னொரு பனியன் கம்பெனிக்கும் நடுவில்
தையல் விட்டுப்போன இடம் மாதிரி இருக்கும்.
ஞாயிறு இரண்டு ஆராதனை.
முதலாவது முடிந்தவர்கள் வண்டி எடுக்க,
இரண்டாவதுக்கு வந்தவர்கள் வண்டி விட,
நடக்கிற சண்டையில்
சமாதானத்தின் தேவன்
கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பார்.

ஒருநாள் பொறுக்காமல்
முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினேன்.
"சாவியக் குடுத்துட்டு நீங்க உள்ள போங்ணா."

அப்புறம் எல்லா ஞாயிறும்.
ஆஸ்பத்திரி டூட்டிக்குப் பாதியில் ஓடுகிற கிறிஸ்டலின் ஸ்கூட்டி
வாசலோரம்.
காணிக்கைக் கணக்கை இரண்டு தரம் எண்ணும் பொருளாளரின் புல்லட்
கடைசி உள்ளே.
ஒடிசாப் பையன்கள் நாலு பேருக்கும் ஒரே சைக்கிள்,
அது சுவரோடு சுவராக.
நடுவில் ஒரு ஆட்டோ நுழைய வழி.
அதில் ஆயர் வண்டியைக்கூட விடமாட்டேன்.

பிரசங்கம் எனக்கு
கட்டிங் டேபிள் வேஸ்ட்டு மாதிரி துண்டு துண்டாகத்தான் வரும்.
ஜன்னல் வழியே ஒரு "ஆகையால்,"
கொஞ்ச நேரம் கழித்து ஒரு "ஆனாலும் அவர்."
மிச்சத்தை நானே ஒட்டுப்போட்டுக்கொள்வேன்.

வேதத்தில் எனக்குப் பிடித்தது
கழுதைக்குட்டி கட்டியிருந்த அந்த இடம்.
"ஏன் அவிழ்க்கிறீர்கள்?" என்று கேட்டார்களே,
அவர்கள் என் ஆட்கள்.
கேட்டதும் சரி. பதில் வந்ததும் விட்டதும் சரி.
ஒரு தாலந்தைப் புதைத்தவன்மேல்கூட எனக்குக் கோபமில்லை,
புதைத்த இடமாவது ஞாபகம் வைத்திருந்தானே.

நாற்பத்தொன்று, சகரியா அண்ணனின் எக்ஸெல்.
சாயப்பட்டறைக்காரர்,
சீட்டில் ஏறிய நீலம் போகவே போகாது.
மூன்று வாரம் காணோம்.
அந்த இடத்தில் ஒருத்தரையும் விடவில்லை.
"சும்மாதானுங்க கெடக்குது," என்றார்கள்.
"ஆளிருக்குதுங்," என்றேன்,
பஸ் சீட்டில் துண்டு போட்டவள் மாதிரி.

நாலாம் வாரம் சந்து முனையில்
டீக்கடைப் போஸ்டரைப் படிக்கிறவர்போல் நின்றார்,
மூன்று பாட்டு முடியும்வரை.
கிட்டே போனேன்.
"வண்டிய வித்தாச்சு அம்மிணி. பட்டறைய மூடிட்டாங்க."

எனக்குச் சத்தமாக ஜெபிக்க வராது.
ஆறுதல் வசனம் அவசரத்துக்கு வாயில் நிற்காது.
கட்டிலிருந்து ஒரு டோக்கனைக் கிழித்து நீட்டினேன்.
நாற்பத்தொன்று.
"வண்டியே இல்லாம இதெதுக்குங்?"
"எடம் உங்குளுதுங்ணா. போறப்பக் குடுத்துட்டுப் போங்."

கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

நான் பந்திக்குக் கடைசி ஆள்.
எவ்வளவு துடைத்தாலும் செயின் கிரீஸ் ரேகையில் நிற்கும்.
ஆயர் வைத்த அப்பத்தில்
என் கட்டைவிரல் கறுப்பாய்ப் பதிந்தது.
தின்றேன்.

தாள் பைபிளுக்குள் இருக்கிறது, கோடு காலியாக.
நாற்பத்தொன்றை அவர் திருப்பித் தரவில்லை.
நானும் கேட்கவில்லை.
கணக்கில்
ஒரு டோக்கன் குறைகிறது.